அவாந்தரோ: மெக்சிக்கோவின் ரொக் இசை தலைமறைவான கதை

ஓர் இசையை முடக்குவதற்குச் சட்டம்தான் வேண்டுமென்பதில்லை. பல வேளைகளில் பத்திரிகைத் தலைப்புகளே போதுமாகிவிடுகின்றன. மெக்சிக்கோவின் ரொக் இசை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், பத்திரிகைத் தொழிலிலேயே காலங்கழித்த எனக்கு இந்த எண்ணம் எழுவதுண்டு.

1960களின் தொடக்கத்தில் அங்கு ரொக் இசை சாதுவாகவே இருந்தது. என்ரிக்கே குஸ்மானும் லொஸ் டீன் டொப்ஸ் குழுவினரும் அமெரிக்கப் பாடல்களை ஸ்பானிய மொழியில் பாடினர். வானொலிகள் அவற்றைத் தாராளமாக ஒலிபரப்பின.

நிலைமையை மாற்றியது அரசியல். 1968 ஒக்டோபர் 2ஆம் திகதி, ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கப் பத்து நாட்களே இருக்கையில், தலைநகரின் திலாத்தெலொல்கோவில் திரண்டிருந்த மாணவர்கள் மீது படையினர் சுட்டனர். 1971 யூன் 10ஆம் திகதி மாணவர் ஊர்வலமொன்று மீண்டும் இரத்தத்தில் முடிந்தது. இளைஞர் கூட்டம் என்றாலே அரசு அஞ்சிய காலம் அது.

மூன்று மாதங்களின் பின், செப்டெம்பர் 11, 12ஆம் திகதிகளில், வாயே தெ பிராவோவுக்கு அருகிலுள்ள அவாந்தரோவில் ரொக் விழா நடைபெற்றது. மோட்டார்ப் பந்தயத்துடன் ஓர் இசை இரவு என்பதே திட்டம். ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் குவிந்துவிடவே பந்தயம் கைவிடப்பட்டது. 'பீஸ் அண்ட் லவ்' குழு பாடிக்கொண்டிருந்தபோது, கஞ்சாவைப் பற்றிய பாடலும் மேடையில் ஒலித்த வசைச்சொற்களும் காரணமாக வானொலியின் நேரடி ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது.

அத்தனை பேர் பெருங்கலவரம் எதுவுமின்றி ஓரிரவைக் கழித்தார்கள் என்பதே என் கணிப்பில் முதற்பக்கச் செய்தி. ஆனால் பத்திரிகைகளோ கஞ்சாவையும், ஆடை களைந்த ஒரு பெண்ணின் படத்தையுமே பெரிதுபடுத்தின. ஒழுக்கம் சீரழிந்ததென்ற கூக்குரல் எழுந்தது. ஜனாதிபதி எச்செவெரியாவின் அரசுக்கு அது வசதியாயிற்று. நிகழ்ச்சிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது, வானொலிகள் ஒதுங்கின, இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிட்டன.

ரொக் இசை நகரின் புறஞ்சேரிகளுக்கு, கைவிடப்பட்ட கிடங்குகளுக்கு ஒதுங்கியது. அவாந்தரோவில் பாடிய 'த்ரீ சோல்ஸ் இன் மை மைன்ட்' குழுவின் அலெக்ஸ் லோரா, அங்கே ஏழை இளைஞரின் பேச்சுமொழியிலேயே பாடினார். அக்குழுவிலிருந்தே பின்னர் 'எல் த்ரீ' பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் இலாபத்தை மணந்தறிந்த நிறுவனங்கள் திரும்பி வந்தன. கைஃபானெஸ் புகழ்பெற்றது, 1994இல் காஃபே தாகூபாவின் 'ரே' வெளியாயிற்று.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இசையைக் காத்தவர்கள் கிடங்குகளில் வியர்த்து நின்ற பெயரறியாத இரசிகர்களே. அதனை அங்கே துரத்தியதில் என் தொழிலுக்கும் பங்குண்டு என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுத என்னால் இயலாது.