முன்பு மலேரியா வந்தவர்களுக்கு இன்று பாதுகாப்பு உண்டா?

போர்க்காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களிடம் பேசும்போது, மலேரியா பலமுறை வந்து உடம்பு பழகிவிட்டது, இனி அது தங்களை ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதில் பாதிதான் உண்மை.

மலேரியா தொடர்ந்து பரவும் இடங்களில் வாழ்வோரின் உடல் மெல்ல மெல்ல எதிர்ப்புச் சக்தியைப் பெறுகிறது. இதற்கான சான்று 1961 இல் கம்பியாவில் கிடைத்தது. அங்கு வளர்ந்தவர்களின் குருதியிலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகளை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றியபோது, அவர்களின் குருதியில் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் இந்தச் சக்தி முழுமையானதல்ல, நிலையானதுமல்ல. ஒட்டுண்ணியின் தொடர்பு சில ஆண்டுகள் அற்றுப்போனால் அதுவும் குன்றிவிடும்.

ஒட்டுண்ணி வேடம் மாற்றுவதே உடலுக்குள்ள பெரிய சிக்கல். நுளம்பு கடித்துச் சிறிது நேரத்தில் அது ஈரலை அடைகிறது. அங்கு பெருகி, வேறு உருவில் செங்குருதிக் கலங்களுக்குள் நுழைகிறது. உயிராபத்து மிகுந்த பல்சிபாரம் வகை, அக்கலங்களின் மேற்பரப்பில் வைக்கும் புரதத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென ஏறத்தாழ 60 மரபணுக்கள் அதனிடம் உள்ளன. வைவக்ஸ் வகையோ ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் காய்ச்சலைக் கொண்டுவரும்.

தடுப்பூசி தாமதமானதும் இதனால்தான். உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியையும், 2023 இல் ஆர்21 தடுப்பூசியையும் பரிந்துரைத்தது. இரண்டும் ஒட்டுண்ணி ஈரலை அடையுமுன் தடுக்க உடலைப் பழக்குகின்றன. ஆர்டிஎஸ்,எஸ் நான்கு தடவை ஏற்றப்பட்ட ஆபிரிக்கக் குழந்தைகளிடம், நான்கு ஆண்டுகளில் நோய் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. இவை பல்சிபாரம் பரவும் நாடுகளின் குழந்தைகளுக்கானவை.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபருடன் நின்றது. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஆகவே அன்று நோயுற்றவர்களின் பழைய சக்தியை இன்று நம்ப முடியாது. அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது இருந்ததேயில்லை.

நுளம்புகள் மட்டும் இருக்கின்றன. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் ஸ்டீபன்சி என்ற புதிய வகை 2016 இல் மன்னாரில் கண்டறியப்பட்டது.

இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தை அணுகுங்கள். தடுப்பு மருந்து இலவசம். தமிழக முகாம்களிலிருந்து திரும்பும் உறவினருக்கும் இதைச் சொல்லுங்கள்: வந்து பல மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும், எங்கிருந்து வந்தோம் என்பதை வைத்தியரிடம் கூறி, மலேரியாவுக்கான குருதிப் பரிசோதனையைக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.