தெளிந்த நீரும் தூய நீரும்: புறஊதா விளக்கின் வரலாற்றில் நீடிக்கும் ஒரு குழப்பம்

ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியில், நாச்சாரத்தை அடுத்துள்ள தொழிற்பகுதி மல்லாபூர். அங்கு ஒருவர் நன்னீர்த் திருக்கை வளர்க்க முற்பட்டால், முதலில் எதிர்கொள்வது குழாய்நீரிலுள்ள குளோரினை. மனிதருக்குக் காப்பாக அமையும் அப்பொருள் திருக்கையின் செவுளுக்கு நஞ்சு. குளோரினை அகற்றிய நீரில் கிருமியை அடக்குவதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழியாக மீன்தொட்டிக் கடைகளில் பரிந்துரைக்கப்படுவது புறஊதா விளக்கு. நீர் கண்ணாடிபோல் தெளியும் என்பது அதனோடு சேர்ந்து வரும் வாக்குறுதி. இவ்வாக்குறுதி எந்த அளவுக்கு உண்மை என்பதை அவ்விளக்கின் வரலாறே காட்டுகிறது.

தெளிவு என்பது தமிழ் மரபில் மிகப் பழைய கருத்து. தேற்றா விதையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் வழக்கத்தைக் கலித்தொகை உவமையாக எடுத்தாளுகிறது. விதையின் பசைப்பொருள் மண் துகள்களைத் திரளச் செய்து அடியில் படிய வைக்கிறது. அங்கு நிகழ்வது துகள் நீக்கம். ஒளியால் நிகழ்வது முற்றிலும் வேறானது. 1877இல் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளண்ட் என்னும் இரு ஆங்கிலேயர், வெயிலில் வைத்த குழாய்களில் நுண்ணுயிர் வளராமல் தடைபடுவதைக் கண்டறிந்தனர். குழாயில் இருந்த எப்பொருளையும் வெயில் அகற்றவில்லை. உயிருள்ளவற்றின் பெருக்கத்தை மட்டுமே தடுத்தது. 1930ஆம் ஆண்டளவில் ஃபிரெடெரிக் கேட்ஸின் ஆய்வுகள், பாக்டீரியாவை அழிக்கும் ஒளியின் அலைநீளம் 260 நானோமீட்டரை ஒட்டியது என்றும், அது உட்கரு அமிலங்கள் ஒளியை உறிஞ்சும் முறையோடு ஒத்துப்போகிறது என்றும் காட்டின. பாதரச ஆவி விளக்கின் முதன்மை ஒளிர்வு 254 நானோமீட்டர் ஆதலால், அதுவே இத்துறையின் கருவியாயிற்று.

கேட்ஸுக்கு இருபது ஆண்டுகள் முன்னரே அவ்விளக்கு நகர நீர் வழங்கலில் சோதிக்கப்பட்டிருந்தது. 1910இல் பிரான்ஸின் மார்செய் நகரில் புறஊதா விளக்கால் குடிநீரைக் கிருமிநீக்கம் செய்யும் முன்னோடி நிலையம் இயங்கியது. அந்நகருக்கு நீர் தந்த துயூரான்ஸ் ஆறு வண்டலுக்குப் பெயர் பெற்றது. ஆகவே நீரை முதலில் வடிகட்டிகளில் தெளிய வைத்து, அதன் பின்னரே விளக்கின் முன் செலுத்தினர். இந்த வரிசைமுறை கவனிக்கத்தக்கது. விளக்கு தெளிவைத் தரவில்லை. தெளிவை வேண்டி நின்றது. துகளின் நிழலில் மறைந்த கிருமியை ஒளி தீண்டுவதில்லை என்பதே அதன் காரணம்.

ஆயினும் நகரங்களைக் கைக்கொண்டது குளோரினே. அமெரிக்காவின் ஜெர்சி நகருக்கான நீரில் 1908 செப்டம்பர் 26 அன்று தொடர் குளோரினேற்றம் தொடங்கியது. இரு நாட்கள் கழித்து, செப்டம்பர் 28இல், மூசி ஆற்றின் பெருவெள்ளம் ஹைதராபாத்தைச் சூறையாடியது. அவ்வெள்ளத்தின் விளைவாக விசுவேசுவரய்யாவின் திட்டம் உருவாகி, 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. தொடர்பற்ற இவ்விரு நிகழ்வுகளின் வழிவந்த நீர்த்தேக்கமும் குளோரினும் பின்னர் இந்நகரின் குடிநீர் வழங்கலில் ஒன்றுசேர்ந்தன. புறஊதா ஒளி இப்போட்டியில் பின்தங்கியதற்கு விளக்கின் விலையும் பழுதும் மட்டும் காரணமல்ல. குளோரின் குழாயின் கடைசி முனைவரை எஞ்சி நிற்கும். ஒளி விளக்கைக் கடந்த கணமே முடிந்துவிடும்.

நகருக்குக் குறையாக அமைந்த இப்பண்பே நீரில் வாழும் உயிர்களுக்கு நிறைவாயிற்று. எச்சம் விடாத கிருமிநீக்கம் என்பதாலேயே, 1960களில் பிரிட்டனில் உண்ணும் சிப்பிகளைத் தூய்மைப்படுத்தும் கூடங்கள் புறஊதா விளக்கை ஏற்றன. மீன் வளர்ப்புக்கும் வீட்டுத் தொட்டிக்கும் அதனை உகந்ததாக்கியதும் இதே பண்பு.

இந்தியாவில் இவ்வரலாற்றின் திருப்பம் சென்னையோடு தொடர்புடையது. 1992இன் பிற்பகுதியில் அப்போதைய மெட்ராஸில் ஓ139 எனப் பின்னர் அறியப்பட்ட புதுவகைக் காலரா தலைகாட்டியது. அடுத்த ஆண்டில் வங்கத்திலும் வங்கதேசத்திலும் பல்லாயிரவரைத் தாக்கியது. இதனால் உந்தப்பட்டு, பம்பாயில் பிறந்து கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் அசோக் காட்கில் எளியதொரு கருவியை வடிவமைத்தார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 லிட்டர் நீர் ஈர்ப்பு விசையாலேயே ஓடும். விளக்கு நீரில் மூழ்காமல் மேலே தொங்கும். விளக்கின் குவார்ட்ஸ் உறைமீது படலம் படிந்து ஒளியை மறைப்பது பழைய கருவிகளின் குறை. இவ்வமைப்பில் அதற்கு இடமில்லை. 2000களின் நடுப்பகுதியில், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நாந்தி அறக்கட்டளையின் பங்களிப்போடு, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்துப் பொம்மினம்பாடு போன்ற சிற்றூர்களில் இத்தொழில்நுட்பம் குடிநீர் நிலையங்களாக உருப்பெற்றது. அங்கும் மார்செய் வகுத்த வரிசையே பின்பற்றப்பட்டது: முதலில் வடிகட்டல், பின்னர் ஒளி.

இப்பின்னணியில் திருக்கைத் தொட்டியை நோக்கினால் குழப்பம் விளங்கும். மிதக்கும் ஒற்றைச்செல் பாசியால் நீர் பச்சையாகும்போது, விளக்கு அப்பாசியை அழிப்பதால் நீர் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியும் இவ்வொரு வெற்றியே விளக்கு தெளிவைத் தரும் என்ற பொது நம்பிக்கையாக விரிந்தது. மண் துகளையோ உணவுச் சிதைவையோ அது அகற்றுவதில்லை. மரமும் இலையும் கசியவிடும் பழுப்புச் சாயம் புறஊதா ஒளியை உறிஞ்சி, விளக்கின் வலிமையையே குறைத்துவிடுகிறது.

அமேசான் படுகையின் ஆறுகளை நீரின் நிறத்தால் வகைப்படுத்திய ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், கருநீர் ஓடும் ரியோ நெக்ரோவில் பல மீன்களை வரைந்தார். 2016இல் பெயரிடப்பட்ட பொட்டமோட்ரைகான் வாலசி என்னும் சிறு திருக்கை அவர் பெயரைத் தாங்கி, அக்கருநீரிலேயே வாழ்கிறது. கண்ணாடி போன்ற நீர் திருக்கையின் பொதுத் தேவை அன்று, பார்ப்பவரின் விருப்பம்.

ஆபத்து இவ்விருப்பத்தில்தான் ஒளிந்துள்ளது. கடல் திருக்கைகள் உடலில் யூரியாவைத் தேக்கி வைப்பவை. தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கைகளின் உடலில் யூரியா மிகக் குறைவு என்பதைத் தாமஸ் தோர்சனும் உடன் ஆய்வாளரும் 1967இல் வெளியிட்டனர். இவை நைட்ரசன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. அம்மோனியாவுக்கு நிறமில்லை, புறஊதா ஒளி அதனை நீக்குவதுமில்லை. அதை மாற்றுபவை வடிகட்டியின் பரப்பில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். தெளிந்த நீரைக் கண்டு நிறைவடைந்து வடிகட்டியையும் நீர்மாற்றத்தையும் புறக்கணித்த தொட்டியில், எல்லாம் சீராகத் தோன்றும் நிலையிலேயே விலங்கு மடியக்கூடும். விளக்கும் இதே மயக்கத்தைத் தரும். அதன் நீல ஒளி கண்ணுக்கு எரிந்துகொண்டிருக்க, கிருமியை அழிக்கும் கதிர் காலப்போக்கில் தேய்ந்துவிடும். ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை விளக்கை மாற்றும் வழக்கம் இதனாலேயே வந்தது.

மார்செய் முதல் பொம்மினம்பாடு வரை இக்கருவியைக் கையாண்டோர் தெளிவை விளக்கிடம் எதிர்பார்க்கவில்லை. விளக்குக்கு முன்னரே அதனை ஏற்பாடு செய்தனர். நகர நீரியலில் நூறாண்டுக்கு முன் நடைமுறையான இவ்வரிசை, மல்லாபூரின் ஒரு வீட்டுத் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். வடிகட்டல் முதலில், ஒளி அதன் பின். இவ்விரண்டும் நிறைவேறிய பிறகும் அம்மோனியாவை அளந்தறியும் கடமை எஞ்சியிருக்கிறது.