மெக்கானிக்கல் கீபோர்டு சுவிட்ச் பழுதுநீக்கம்

மெக்கானிக்கல் கீபோர்டில் விசைக்கு ஒரு சுவிட்ச் என்பதால், கெட்டதை மட்டும் மாற்றலாம். மேலுறை, கீழுறை, தண்டு, சுருள்வில், தொடுதகடுகள் ஆகியன சுவிட்சின் உறுப்புகள். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகையே பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி.

தொடுதகட்டில் தூசி படிந்தாலோ தேய்வு கண்டாலோ ஓர் அழுத்தத்துக்கு எழுத்து இருமுறை விழும். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் இது பெருந்தொல்லை: ஒரே மெய்விசை அடுத்தடுத்து இருமுறை பதிவானால் முதலெழுத்துக்குத் தானாகப் புள்ளி சேரும். ‘பலி’ ‘பல்லி’யாகிவிடும், பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது.

முதலில் கணினியிலிருந்து இணைப்பைக் கழற்றி, விசைமூடியை எடுத்துத் தூசியை ஊதி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில துளி விட்டு உலரவிட வேண்டும். சரியாகாவிட்டால் மாற்றியாக வேண்டும். சுவிட்சுகள் பற்றவைக்கப்படாமல் செருகப்பட்டிருக்கும் ஹாட்-ஸ்வாப் பலகையில் இடுக்கியால் பிடுங்கிப் புதியதைச் செருகலாம். கால்கள் வளையாமல் பார்ப்பது முக்கியம். மற்றவற்றில் இரு கால்களின் ஈயப்பற்றை உருக்கி, உறிஞ்சியால் எடுக்க வேண்டும். அதிகம் சூடேற்றினால் பலகையின் செம்புத்தடம் பெயர்ந்துவிடும்.

கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் செல்பேசி பழுதுபார்ப்போரிடமே ஈயப்பற்றை உருக்கி உறிஞ்சும் கருவிகள் இருக்கும். அம்மாவட்டக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவோரும் ஒரு சுவிட்சுக்காகக் கீபோர்டையே தூக்கி எறிய வேண்டாம்.