வெள்ளி மாலையும் ஜெபமாலையும்

வானொலிப் பெட்டிக்குத் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலத்தை நம்மில் மூத்தோர் அறிவர். பாட்டும் செய்தியும் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தோம், பூக் கட்டினோம். செவியை மட்டுமே அது கேட்டது.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அது கண்ணையும் கேட்டது. வெள்ளி மாலை ‘ஒளியும் ஒலியும்’ வந்தபோது, பல வீடுகளில் ஜெபமாலை முன்னதாக நகர்ந்தது, அல்லது விரைந்து முடிந்தது. தவக்காலத்தில் அதே வெள்ளி மாலைதான் சிலுவைப்பாதையும்! எனினும், பெட்டி இல்லாத அண்டை வீட்டார் மதம் பாராமல் நம் கூடத்தில் வந்து அமர்ந்ததும் அதனால்தான்.

திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழேயே பெட்டியை வைத்தோம். முழங்காலிட்டாலும் சம்மணமிட்டாலும் வீடு முழுவதும் ஒரே சுவரைப் பார்த்தது. கைப்பேசி வந்தபின் ஆளுக்கொரு மூலை. ஆனால் துபாயில் வேலை செய்யும் மகன் இரவு ஜெபத்தில் சேர்வதும் அதன் வழியேதான்.