‘ஜெயிச்சுட்டோம்’, ‘சொதப்பிட்டாங்க’: சென்னையின் அணிப்பற்றும் அதன் விகுதிகளும்

போட்டி முடிந்த மறுநாள் காலை மயிலாப்பூர் லஸ் முனையிலோ தி. நகர் பேருந்து நிலையத்திலோ நடக்கும் பேச்சில் எழுவாய் பெரும்பாலும் இருப்பதில்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் வென்றிருந்தால் ‘ஜெயிச்சுட்டோம்’, தோற்றிருந்தால் ‘சொதப்பிட்டாங்க’. வாய் ஒன்றுதான், அணியும் ஒன்றுதான். விகுதி மட்டும் தன்மையிலிருந்து படர்க்கைக்கு நழுவிவிடுகிறது. 1976இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மாணவர்களிடம் இதையே கண்டார்கள். பல்கலைக்கழக அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமை, அதன் பெயர் பொறித்த உடைகள் வகுப்பறையில் கூடுதலாகத் தென்பட்டன. வெற்றியைச் சொல்லும்போது தன்மைப் பன்மை வந்தது, தோல்வியைச் சொல்லும்போது அது குறைந்தது. ஆனால் ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை காட்டாத ஒன்றைத் தமிழ் காட்டும். பெங்களூருக்காரரிடம் ‘எங்க டீம்’ என்று மார்தட்டுபவர், அடையாறில் பக்கத்து வீட்டாரிடம் ‘நம்ம டீம்’ என்கிறார். முன்னது வேலி போடுகிறது, பின்னது எதிரில் நிற்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அணிப்பற்று வளர்வது இந்த ‘நம்ம’வில்தான். அந்த ‘நம்ம’வுக்குள் ஒருவரைக் கொண்டுவருவது மண்ணும் அல்ல, ஆட்டத்தின் மேலுள்ள காதலும் அல்ல, பார்க்க வந்தவருக்கு அங்கே செய்ய ஒரு வேலை இருப்பதுதான் என்பது என் வாதம்.

மண்தான் காரணம் என்போருக்கு ரஞ்சிக் கோப்பை இடைஞ்சலான சான்று. அப்போட்டியின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மைசூரை மதராஸ் ஒரே நாளில் வீழ்த்தியது. 1954-55, 1987-88 என இரண்டு பட்டங்கள் தமிழ்நாட்டின் கணக்கில் உள்ளன. மாநிலத்துப் பிள்ளைகள் ஆடும் அந்த அணிக்கு இன்று அதே மைதானத்தில் காலி இருக்கைகளே வரவேற்பு. மறுபக்கம், 2018 மே 27 அன்று மும்பையில் இறுதிப் போட்டியில் வென்ற சூப்பர் கிங்ஸ் பதினொருவரில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. மேற்கு மாம்பலத்து அஸ்வின் அந்த ஆண்டு பஞ்சாப் அணியின் தலைவர், அவருக்காக தி. நகர் கட்சி மாறிவிடவில்லை. ஆட்டத்தின் மேலுள்ள காதல் என்றால் அதுவும் ரஞ்சிக்கே கூட்டம் சேர்த்திருக்க வேண்டும். நான்கு நாள் ஆட்டத்தில் பந்து திரும்புவதைப் பார்த்து ரசிப்பவர்கள் இந்நகரில் இல்லாமல் இல்லை. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி மைதானத்து லீக் ஆட்டத்தை மர நிழலில் நின்று பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் தனித்தனியாக நிற்கிறார்கள்.

சேப்பாக்கத்தின் மாலை ஆட்டத்தில் பார்வையாளருக்கு வேலை உண்டு. ‘விசில் போடு’ என்பது முழக்கம் மட்டுமல்ல, ஏவல் வினை. கேட்டவர் செய்தாக வேண்டும். இரு விரலை மடித்து நாக்கடியில் வைத்து ஊதும் சீழ்க்கை ஒரு காலத்தில் திரையரங்கின் தரை டிக்கெட்டுக்கு உரியது. நடுத்தர வீடுகளில் அதற்கு அடிதான் விழும். இன்று அதே வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் மஞ்சள் சட்டையோடு அதைப் பழகுகிறார்கள், வராதவர்கள் பிளாஸ்டிக் விசில் வாங்கிக்கொள்கிறார்கள். பல்லாண்டுகால வர்க்கக் கூச்சத்தை ஒரு மாலைக்குத் தள்ளிவைக்க முடிந்தது சாதாரணமல்ல. கூடிச் செய்யும் செயலில் எழும் உணர்ச்சிப் பொங்கலைச் சமயத்தின் ஊற்றாகக் கண்ட சமூகவியலாளர் டர்கைம் இதை வியந்திருக்க மாட்டார்.

வெற்றிதானே கூட்டத்தைச் சேர்க்கிறது என்று கேட்கலாம். ஐந்து பட்டங்கள் உதவியிருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் நீதிபதி லோதா குழு 2015இல் அணியை இரண்டு ஆண்டுகள் தடைசெய்தபோது வெற்றியும் இல்லை, அணியே இல்லை, பற்று கலையவில்லை. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. அந்நாட்களில் இந்நகருக்கு ‘நம்ம’ இரண்டாக இருந்தது: மைதானத்துக்கு வெளியே போராடி நின்றவர்கள் சொன்னது நதியின் ‘நம்ம’, கனத்தில் அது குறைந்ததல்ல. அப்போதும் சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் சென்னையிலிருந்து புனே சென்றார்கள். எல்லாம் விளம்பரத்தின் வேலை என்றால், நகரத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு வந்த ‘சென்னை வீரன்ஸ்’, ‘சென்னை சீட்டாஸ்’ என்ற ஹாக்கி அணிகளை இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? விளம்பரம் அழைப்பிதழ் மாதிரி. போன இடத்தில் கைக்கு வேலை இல்லாவிட்டால் மறுமுறை யாரும் போவதில்லை.

அப்படியானால் பற்றே இல்லாதவர்? அவர்களை உணர்ச்சி வறண்டவர்களாகப் பார்ப்பது பிழை. ஐபிஎல் என்றாலே முகம் சுளிக்கும் மயிலாப்பூர்க்காரர் மார்கழியில் மியூசிக் அகாடமியில் தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவுக்கு மாட வீதியில் நீர்மோர்ப் பந்தலில் நிற்பார். அவருடைய ‘நம்ம’வுக்கு வேலை வேறிடத்தில் கிடைத்துவிட்டது. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடனான டெஸ்ட் முடிந்த 1999 ஜனவரி 31ஐயும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டெண்டுல்கர் 136 எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. பற்றற்ற ரசனைக்குச் சான்றாக இதைக் காட்டுவது வழக்கம். எனக்கு அது பற்றின் இன்னொரு வடிவமாகவே படுகிறது. ‘ஆட்டம் தெரிந்த கூட்டம்’ என்று தன்னைப் பற்றி இந்நகரம் சொல்லிக்கொள்ளும் பெருமை ஒன்று உண்டு (கொஞ்சம் மிகையானதுதான்). கண்முன் இந்தியா தோற்ற அன்றும் அந்தப் பெருமையை நிலைநாட்டும் வேலை கூட்டத்தின் கையில் இருந்தது.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை, அணியின் நெடுநாள் தலைவர் தோனி. தனிமனித வழிபாட்டுக்கு அணி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்ற ஆட்சேபத்துக்குப் பாதி பதில் என்னிடம் உண்டு: தடைக்காலத்தில் அவர் புனே அணிக்கு ஆடினார், சென்னை அந்த அணியை ‘நம்ம டீம்’ ஆக்கிக்கொள்ளவில்லை. மீதிப் பாதிக்கு இல்லை. அண்மை ஆண்டுகளில், தோனி இறங்க வேண்டும் என்பதற்காகவே தம் அணி மட்டையாளர் அவுட்டானதும் சேப்பாக்கம் ஆரவாரிக்கிறது. அந்த நொடியில் ‘நம்ம’ அணியைச் சுற்றி இல்லை, ஒருவரைச் சுற்றி இருக்கிறது. 2025இல் அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசிக்குப் போனபோதும் ‘தல’ தோனி களத்தில் இருந்ததால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அவர் இல்லாத ஒரு பருவத்தில், தோற்ற ஆட்டத்தின் மறுநாள் லஸ் முனையில் ‘தோத்துட்டோம்’ என்று யாராவது சொல்கிறார்களா என்று காது கொடுத்துப் பார்க்க வேண்டும்.