சாயவேர்: நம் மணலில் விளைந்த சிவப்பு

கீழக்கரையின் பழைய வணிகம் என்றாலே முத்தும் சங்கும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். கடலுக்குள் போகாமல் கரை மணலிலேயே தோண்டி எடுத்த ஒரு பொருளும் இருந்தது. அதுதான் சாயவேர். நாட்டு வைத்தியர்கள் இம்பூறல் என்று சொல்லி, இருமலுக்கும் இரத்தம் கக்குவதற்கும் கொடுப்பார்களே, அதே செடிதான்.

பார்வைக்குச் சின்னஞ்சிறு செடி. பெருமையெல்லாம் வேரில். சோழமண்டலக் கரையிலும், இராமேசுவரம் தீவிலும், எதிரே மன்னார், யாழ்ப்பாணப் பக்கமும் இதைத் தோண்டினார்கள். இலங்கையை ஆண்ட டச்சுக்காரர்கள் இந்த வேரை வைத்தே வருமானம் பார்த்தார்கள்.

இந்த வேர் தந்த சிவப்பில் உருவானதுதான் சீட்டித் துணி. அதன் வேலை லேசானதல்ல. முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பால் சேர்ந்தால்தான் மை கசியாது. மூங்கில் எழுதுகோலாலோ மர அச்சாலோ கோலம் இடுவார்கள். கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புத் துருவும் வெல்லமும் புளித்த நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு சாயவேரோடு கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். மற்ற இடத்து மங்கலைச் சாணமும் வெயிலும் வெளுத்துவிடும். நீலத்துக்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நம் சபராளிகள் கொண்டுவந்த ஜாவா பாத்திக் கைலியிலும் இதே மெழுகு வித்தைதான்.

துவைத்தாலும் போகாத இந்தச் சாயத்தைக் கண்டு ஐரோப்பா மயங்கியது. அங்குள்ள நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கூக்குரலிட்டார்கள். 1686இல் பிரான்சும் 1700இல் இங்கிலாந்தும் தடைச்சட்டம் போட்டன. தடை ஒரு பக்கம் இருக்க, வித்தையைக் கற்கும் முயற்சியும் நடந்தது. கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, 1742இல் முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார். பல தலைமுறைகளாகக் கைப்பழக்கத்தில் இருந்த தொழில் அச்சில் ஏறிவிட்டது. சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

கடைசி அடி 1868இல் விழுந்தது. கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். மலிவான டப்பாச் சாயம் வந்தபின் வெயிலில் குனிந்து வேர் தோண்டுபவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

தொழில் முழுதும் அழிந்துவிடவில்லை. தஞ்சைப் பகுதியின் கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் கிடைத்த பெயர், வேர் தோண்டியவருக்கு என்றுமே கிடைத்ததில்லை. நம் கரையில் அந்த வேலை செய்த குடும்பங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதும் சொல்லியிருந்தால், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பெட்டிக்குள் பழைய சீட்டித் துணி இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சிவப்பு நம் மணல் கொடுத்ததாகவும் இருக்கலாம்.