வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே விமானத் தடம்

ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு சிறு தீவுகளின் விமான நிலையங்களை இணைக்கும் தடம். வான்வழித் தொலைவு சுமார் 2.7 கி.மீ.; எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளமும் ஏறத்தாழ இவ்வளவுதான். உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை என்று கின்னஸ் பதிவு பெற்றது. 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இயக்குகிறது.

கால அட்டவணை தருவது 2 நிமிடம்; பறப்பது பெரும்பாலும் ஒன்றரை நிமிடமே. பறக்கும் நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் காற்றுதான். காற்று வாகாக அமைந்த ஒருநாள் 53 விநாடியில் தரையிறங்கியதே சாதனை. பெல்ட்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்!

பறப்பது பிரிட்டன்-நார்மன் ஐலண்டர். இரட்டை என்ஜின் கொண்ட சிறு விமானம். துணை விமானி கிடையாது. அந்த இருக்கையில் பயணி ஒருவரே உட்காரலாம். சாதனைக்காக வரும் சுற்றுலாப் பயணிகள் ஒருபுறமிருக்க, இது ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் நம்பியிருக்கும் சேவை. பாப்பா வெஸ்ட்ரேயின் மக்கள்தொகை நூறுக்கும் குறைவு. இரு தீவுகளிலிருந்தும் ஓர்க்னியின் தலைநகர் கிர்க்வாலுக்கும் விமானம் உண்டு.